'தெரியாது' என்று சொல்லத் தெரியாத டீச்சர்

எங்கள் ஸ்கூலில் ஒன்றாக வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. குட் மார்னிங் ரோஜாப்பூவும் மூட்டு வலிக்குக் கைவைத்தியமும் தவிர அதில் வேறு எதுவும் வராது. போன வாரம் அதிசயமாக ஒரு கேள்வி வந்தது. 'உங்களிடம் இல்லாத ஏதாவது ஒரு திறமை நாளைக் காலையில் தானாக வந்துவிடும் என்றால், எதைக் கேட்பீர்கள்?'

அவ்வளவுதான், குரூப் விழித்துக்கொண்டது.

ஹிந்தி டீச்சருக்கு மேடையேறிப் பாட வேண்டுமாம். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவருக்கு காரை ரிவர்ஸ் எடுக்க வர வேண்டுமாம். கெமிஸ்ட்ரி டீச்சருக்கு வட்டமான சப்பாத்தி. பி.டி. மாஸ்டருக்கு — நம்பினால் நம்புங்கள் — நீச்சல்! முப்பது வருஷம் எங்களையெல்லாம் விசில் ஊதியே மிரட்டிய மனுஷன்...

நான் யோசிக்கவே இல்லை. 'தெரியாது என்று சொல்லும் திறமை' என்று டைப் பண்ணி அனுப்பினேன்.

சிரிக்கிற பொம்மைகள் ஏழெட்டு வந்தன. 'டீச்சருக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?' என்று ஒருத்தர். பார்த்தீர்களா? என் வியாதிக்கே இந்த மாதிரி ஆட்கள்தான் காரணம்.

நான் கணக்கு டீச்சர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். க்ளாஸில் ஒரு பெண் எழுந்து ஏடாகூடமாக ஒரு கேள்வி கேட்பாள். எனக்குப் பதில் தெரியாது. சொல்லிவிடுவேனா? 'வெரி குட் கொஸ்டின். எல்லாரும் வீட்டுல யோசிச்சு எழுதிட்டு வாங்க' என்பேன். மறுநாள் அவர்கள் எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்து நான் கற்றுக்கொள்வேன். இப்படியே வண்டியை ஓட்டி, பென்ஷனும் வாங்கியாகிவிட்டது.

என்னை மட்டும் குறை சொல்லாதீர்கள். எங்கள் கோயமுத்தூரில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று சொல்லிவிட்டால் கேட்டவர் மனசு நொந்துபோகுமே என்று கையைக் காட்டிவிடுவோம். 'நேராப் போயி லெஃப்ட்ல கட் பண்ணுங்க... அங்க ஆரையாச்சும் கேளுங்க.' மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. வழி மட்டும்தான் தப்பாக இருக்கும். நானே ஒரு தடவை பைக்கில் வந்த ஒருத்தருக்கு அப்படிக் கை காட்டினேன். கால் மணி நேரம் கழித்து அவர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்துகொண்டிருந்தார். நான் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, இல்லாத புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? நான் ஏங்குகிற அந்தத் திறமை எங்கள் வீட்டிலேயே மூட்டை மூட்டையாக இருக்கிறது. என் வீட்டுக்காரரிடம்!

'ஏனுங்க, கேஸ் எப்ப புக் பண்ணுனீங்க?' 'தெரியாது.' 'பையன் எந்த ஃப்ளைட்ல வர்றான்?' 'தெரியாது.' 'உங்க தங்கச்சி எதுக்குங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போனாங்க?' 'தெரியாது.' பேப்பரிலிருந்து தலைகூட நிமிராது. ஒரு வெட்கம், ஒரு தயக்கம்? ம்ஹூம். எவ்வளவு நிம்மதியான ஜீவன் பாருங்கள். எனக்கு வயிறு எரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரெண்டரை மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் போன் அடித்தது.

"ஏனுங்க, டீச்சருங்களா? நான் அன்னூர்ல இருந்து செல்லமுத்து பேசறனுங்க. என்னைய உங்களுக்குப் பழக்கமில்லீங்க. வெள்ளகோவில் ஸ்டெல்லா டீச்சருதான் நெம்பர் குடுத்தாங்க."

ஸ்டெல்லா என்னோடு வேலை பார்த்தவள். "சொல்லுங்க, சொல்லுங்க" என்றேன்.

"உங்க வீதியில, உங்க ஊட்டுல இருந்து நாலாவது ஊடு... விக்னேஷ்னு ஒரு பையன். நம்ம புள்ளைக்குப் பாத்திருக்கறமுங்க. ஜாதகமெல்லாம் பொருந்திப்போச்சு. பையன் எப்படிங்க?"

எங்கள் பக்கத்துக் கல்யாண விசாரிப்பு பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜாதகம், போட்டோ எல்லாம் ஓகே ஆன பிறகுதான் உண்மையான பரீட்சையே ஆரம்பிக்கும். மாப்பிள்ளை வீதியில் இருக்கிற மளிகைக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், பால்காரர், மாடி வீட்டில் குடியிருப்பவர் என்று ஒருத்தர் விடாமல் 'பையன் எப்படிங்க?' போலீஸ் வெரிஃபிகேஷனெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பெண்ணுக்கும் இதே பரீட்சை அவள் வீதியில் நடக்கும். ஒரு வீதியில் ரிட்டையர்டு டீச்சர் இருந்துவிட்டால் போச்சு, அவள் சொல்வதுதான் ஃபைனல் ரிசல்ட்.

இப்போது, அந்த விக்னேஷைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வெள்ளை ஸ்கூட்டர். காலை எட்டேகாலுக்கு ஒரு பம்ப்செட் கம்பெனிக்குக் கிளம்பிப் போவான். தலையில் ஹெல்மெட். அந்த வீட்டுக்குக் குடிவந்து ரெண்டு வருஷம்தான் ஆகிறது. அவனுடைய அம்மா அமுதாவோடு காய்கறி வண்டி பக்கத்தில் நின்று ரெண்டு வார்த்தை பேசியிருக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற முகத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

"தங்கமான பையனுங்க!" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. அதோடு விட்டேனா? "ஒரு கெட்ட பழக்கம் கெடையாதுங்க. அம்மான்னா உசுரு." இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"போதுமுங்க டீச்சர். என் மனசு குளுந்துபோச்சுங்க." செல்லமுத்து குரல் தழுதழுத்தது. "ஒரே புள்ளைங்க. அம்மா இல்லாம வளந்தவ. அதானுங்க நாலு பக்கமும் விசாரிச்சுப்போட்டுத்தான் குடுக்கோணும்னு..."

போனை வைத்தேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது.

"அந்தப் பையன் மூஞ்சி எப்படி இருக்கும்?"

நான் போனைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன்.

"ஸ்டெப் போடாம வெறும் ஆன்சர் எழுதுனா நீ மார்க் போடுவியா?"

மனுஷன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் பேசுவார். அன்றைக்குப் பார்த்துப் பேசிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அம்மா இல்லாத பெண். என் வாயை நம்பி ஒரு வீட்டுக்கு வரப்போகிறாள். நாளைக்கு அவன் குடிகாரனாக, முரடனாக இருந்து தொலைத்தால்? அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சரி, ஆன்சர் எழுதியாச்சு, இனிமேலாவது ஸ்டெப் போடுவோம் என்று மறுநாள் மளிகைக்கடைக்குப் போனேன். கடுகு வாங்குகிற மாதிரி பேச்சை ஆரம்பித்தேன். "நம்ம விக்னேஷ் எப்படிங்க பையன்?"

"தங்கமான பையனுங்க டீச்சர். கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. அம்மான்னா உசுரு."

அப்பாடா என்றிருந்தது. "உங்களுக்கு நல்லாப் பழக்கமுங்களா?"

"எனக்கெங்கீங்க பழக்கம்? கடைப்பக்கமே வரமாட்டாப்ல. அன்னூர்க்காரரு வந்திருந்தாருல்லீங்க, அவருதான் சொன்னாரு. டீச்சரம்மாவே சொல்லிப்போட்டாங்கன்னாரு. நானும் ஆமாமுங்கன்னு சொல்லிட்டனுங்க."

இஸ்திரிக்காரரிடம் போனேன். அதே தங்கம். அதே உசுரு. ஒரு வார்த்தை மாறவில்லை! ஒருத்தி பேப்பரைப் பார்த்து மொத்த க்ளாஸும் காப்பி அடித்த கதை. அந்த ஒருத்தி எழுதியதும் தப்பா சரியா என்று அவளுக்கே தெரியாது.

ரெண்டு நாள் தவித்தேன். மூணாம் நாள் காலையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அன்னூருக்குப் போன் போட்டேன். அறுபத்திரண்டு வயசில் முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொல்லப் போகிறேன்.

"ஏனுங்க... அன்னிக்கு அந்தப் பையனைப் பத்திச் சொன்னனில்லீங்க... நெஜமாச் சொன்னா, எனக்கு அவனைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

சொல்லிவிட்டேன்! என்னவொரு நிம்மதி. நாற்பது கிலோ குறைந்த மாதிரி இருந்தது.

செல்லமுத்து மெதுவாகச் சொன்னார். "புரிஞ்சுதுங்க டீச்சர்."

"என்னங்க புரிஞ்சுது?"

"நீங்க உங்க வாயால சொல்ல வேண்டாமுங்க. ஒரே வீதியில இருந்துக்கிட்டு எப்படிங்க தப்பாச் சொல்லுவீங்க?"

"அய்யய்யோ! அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க!"

"குடிங்களா?"

"தெரியாதுங்க!"

"செரிங்க, செரிங்க... விட்டுருங்க. நல்ல நேரத்துல காப்பாத்துனீங்க. இந்த நன்றிய மறக்க மாட்டனுங்க."

வைத்துவிட்டார். நான் திரும்பத் திரும்ப அடித்தேன். எடுத்தார், 'நான் ஆருகிட்டயும் உங்க பேரச் சொல்ல மாட்டனுங்க' என்று சத்தியம் செய்தார், வைத்தார்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர் விசாரிப்பில் 'தங்கமான பையன்' என்றால் பாஸ் மார்க்கு. 'பரவாயில்லீங்க' என்றால் ஜஸ்ட் ஃபெயில். 'எனக்கொண்ணும் தெரியாதுங்க' என்றால் அவ்வளவுதான், ஸ்கூலை விட்டே டிஸ்மிஸ்! நானே என் பையனுக்குப் பெண் பார்த்தபோது, அவள் வீதியில் ஒரு அம்மாள் 'எனக்குத் தெரியாதுங்க' என்றதைக் கேட்டு, ஒரு நல்ல சம்பந்தத்தைக் கைகழுவியவள்தான். அந்தப் பெண்ணைப் பற்றி அந்த அம்மாளுக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

மறுநாள் காய்கறி வண்டி பக்கத்தில் அமுதா நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அன்னூர்க்காரங்க வேண்டாம்னுட்டாங்க டீச்சர். ஏன்னு கேட்டா, ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்கங்கறாங்க. ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போச்சு. இதுவும் போச்சுன்னா இனி வாரவங்க, ஏன் போச்சுன்னுதானுங்க மொதல்ல கேப்பாங்க? ஆரோ எம்பையனைப் பத்தி என்னமோ சொல்லிப்போட்டாங்க..."

நான்தான் அமுதா என்று சொல்ல வேண்டும். சொன்னேனா? "மனசைத் தளர விடாதே அமுதா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றேன். சொல்லிவிட்டு அரைக் கிலோ பீன்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பொய் சொல்லி ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளப் பார்த்தேன். ஒரு உண்மையைச் சொல்லி ஒரு பையன் தலையில் கல்லைப் போட்டுவிட்டேன். இதற்கு நான் சும்மா கணக்கே சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி இருக்கும். வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஒரு பெண். துப்பட்டாவை முகத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டே, "டீச்சருங்களா? நான் சௌமியா. அன்னூர் செல்லமுத்து பொண்ணுங்க" என்றாள்.

"வா கண்ணு, உள்ள வா" என்றேன். சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலையாம். அப்பாவுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். காபியைக் கையில் வாங்கினாள். குடிக்கவில்லை. நேராகக் கேட்டாள்.

"நீங்க தெரியாதுன்னு சொன்னதா அப்பா சொன்னாருங்க. எது தெரியாதுங்க? அவரு நல்லவருன்னு தெரியாதா, கெட்டவருன்னு தெரியாதா?"

"ரெண்டும் தெரியாது கண்ணு. அந்தப் பையனை நான் ஹெல்மெட்டோடதான் பாத்திருக்கேன்."

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள்... காபி தளும்பிவிட்டது.

"எங்கப்பா இருவது பேருகிட்ட விசாரிச்சாருங்க டீச்சர். அத்தனை பேருக்கும் அவரத் தெரிஞ்சிருக்கு. உங்க ஒருத்தருக்குத்தான் தெரியல."

அந்த இருவதில் எத்தனை என்னுடைய காப்பி என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் மானம் மிச்சம் இருக்கட்டுமே.

"அவரைக் கூப்பிடறீங்களா? நானே கேட்டுக்கறேன்" என்றாள்.

அமுதாவுக்குப் போன் போட்டு, "தண்ணி மோட்டார் சத்தம் போடுது, பையனைக் கொஞ்சம் அனுப்பு" என்றேன். இன்னொரு பொய்தான். என்ன செய்ய, அதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே! அவன் வந்தான். கையில் ஸ்பேனர், டி-ஷர்ட்டில் கிரீஸ். ஹெல்மெட் இல்லாமல் இப்போதுதான் பார்க்கிறேன். சாதாரண முகம். சோபாவில் இருந்த சௌமியாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

இதற்கு மேல் தாங்காது என்று நான் கொட்டிவிட்டேன். "தம்பி, இவங்கப்பாகிட்ட உன்னைத் தெரியாதுன்னு சொன்னது நான்தான். அதனாலதான் வேண்டாம்னுட்டாங்க."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "உங்களுக்கு என்னைத் தெரியாதுதானுங்களே டீச்சர்?" என்றான்.

நான் சமையல்கட்டுக்குள் போய்விட்டேன். அங்கே ஏற்கெனவே என் வீட்டுக்காரர் பேப்பர் இல்லாமல், காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

ஹாலில் பரீட்சை ஆரம்பித்தது.

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைய விட மாட்டேன். உங்கம்மா ஒத்துக்குவாங்களா?"

"தெரியலீங்க. கேக்கோணும்."

"கம்பெனியில ஒரு வருஷம் வெளிநாடு அனுப்புனா?"

"தெரியலீங்க... இதுவரைக்கும் யோசிச்சதில்ல."

"எனக்குக் கோவம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டேன். தாங்குவீங்களா?"

"ஒரு நாள் தாங்குவனுங்க. ரெண்டாவது நாள் தெரியல."

எனக்குப் பதற்றம் தாங்கவில்லை. மக்குப் பையா, எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லித் தொலையேண்டா! நானாக இருந்தால் மூன்று கேள்விக்கும் சென்டம் வாங்கியிருப்பேன். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

"தங்கமான பையன்" என்றார்.

ஒன்றேகால் மணி நேரம் பேசினார்கள். நடுவில் ரெண்டு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு தடவை சண்டை மாதிரிகூடக் கேட்டது. அப்புறம் அவள் ஸ்கூட்டியை எடுக்கும்போது பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "என்ன கண்ணு, என்ன தோணுது?"

"இன்னும் தெரியலீங்க டீச்சர். இன்னும் நாலஞ்சு தடவை பேசிப் பாக்கோணும்" என்றாள். துப்பட்டாவைக் கட்டுவதற்கு முன்னால் அந்த முகத்தைப் பார்த்தேன். நல்ல வெளிச்சமாக இருந்தது. அன்றைக்கே அமுதா வீட்டுக்குப் போய் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிட்டேன். அவள் அரை மணி நேரம் திட்டினாள். அப்புறம் டீ கொடுத்தாள்.

நேற்று அன்னூரிலிருந்து போன்.

"ஏனுங்க டீச்சர், புள்ள எல்லாம் சொல்லிப்போட்டா. எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்க. ஆனா பையனப் புடிச்சிருக்குதான்னு கேட்டா, தெரியலைங்கறா. ரெண்டு மாசமா அதையே சொல்றா! தெரியலைன்னா என்னங்க அர்த்தம்?"

"தெரியலைன்னா, தெரியலைன்னுதானுங்க அர்த்தம்."

பெருமூச்சு விட்டார். "செரிங்க. இப்ப நான் இனி ஆருகிட்டத்தானுங்க விசாரிக்கறது?"

"ஆருகிட்டயும் விசாரிக்காதீங்க. உங்க புள்ளையா வந்து சொல்ற வரைக்கும் சும்மா இருங்க."

சின்னப் பையன் மாதிரி ஒரு குரல் வந்தது.

"பொம்பளப் புள்ளையப் பெத்துப்போட்டு எப்படிங்க சும்மா இருக்கறது? அது எனக்குத் தெரியாதுங்களே டீச்சர்..."

அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கும் தெரியாது.